பத்து மணிக்கு மேல் மலை தெரியாது: ரீயூனியன் – ரோட்ரிக்ஸ் எட்டு நாள் சுற்றுலா எப்படி?

மொரீஷியஸிலிருந்து கிளம்பி, இந்தியப் பெருங்கடலில் பிரான்சுக்குச் சொந்தமான ரீயூனியன் தீவின் மலைகளில் நான்கு நாள், மொரீஷியஸுக்குச் சொந்தமான ரோட்ரிக்ஸ் தீவில் நான்கு நாள் என்று வழிகாட்டியோடு அழைத்துப்போகும் ஏற்பாடு இது. பன்னிரண்டு பேர், ஒரு வேன், ஒரு வழிகாட்டி. நடத்துபவர் பெயர் இங்கே வேண்டாம். இதே தடத்தை வேறு யார் விற்றாலும் கீழே உள்ள கணக்கு பொருந்தும். இடங்களின் தேர்வில் குறையில்லை. வழிகாட்டி மலையை அறிந்தவர். கெடுப்பது கடிகாரம்தான்.

ரீயூனியன் 2,512 சதுர கிலோமீட்டர்தான். அதற்குள் 3,070 மீட்டருக்கு ஒரு சிகரம், பித்தோன் தே நேஜ், நிமிர்ந்து நிற்கிறது. விடிகாலையில் மலை துடைத்துவிட்டாற்போல் இருக்கும். வெயில் ஏறச் சரிவுகள் சூடாகி, கடல் ஈரம் மேலே கிளம்பும். ஒன்பது, பத்து மணிக்கெல்லாம் பள்ளத்தாக்கு முழுக்கப் பஞ்சு. மே முதல் நவம்பர் வரை மழை குறைவு, ஆனாலும் இந்த ஒழுங்கு மாறுவதில்லை. ஆகவே எட்டரைக்குச் சாவகாசமாகக் காலை உணவு, ஒன்பதுக்கு வேன் என்று பயணத் திட்டத்தில் எழுதியிருந்தால், காசு கொடுத்து மேகம் பார்க்கப்போகிறீர்கள் என்று அர்த்தம்.

முதல் நாளே இது தெரிந்துவிடுகிறது. மொரீஷியஸின் பிளேசான்ஸ் விமான நிலையத்திலிருந்து ரீயூனியனின் தலைநகர் சேன்-தெனிக்கு முக்கால் மணிப் பறப்பு. இறங்கி, கிழக்குக் கரையோரமாகச் சேன்-ஆந்த்ரே வழியே சலாசி பள்ளத்தாக்குக்கு ஏறும்போது மதியம் தாண்டிவிடும். எல்பூர் ஊரின் பழைய மரவீடுகளைப் பார்க்கலாம், சுற்றியுள்ள மலைச்சுவரைப் பார்க்க முடியாது. ஒன்று மட்டும் கண்ணுக்குத் தப்பாது: வேலியெங்கும் படர்ந்து கிடக்கும் சௌசௌ. அங்கே அதற்குப் பெயர் ஷூஷூ. காயைச் சமைக்கிறார்கள், கொழுந்தைக் கீரையாக வதக்குகிறார்கள், தண்டின் நாரில் தொப்பி பின்னுகிறார்கள். வந்த வழியில் சேன்-ஆந்த்ரேயில் பெரிய தமிழ்க் கோயில் இருந்தும் வேன் நிற்காதது பெருங்குறை. அரை மணிதான் ஆகும். முன்பதிவின்போதே கேட்டுவிடுங்கள், வழியில் கேட்டால் நேரமில்லை என்பார்கள். கோயிலுக்குள் போகும்போது தோல் பெல்ட், தோல் பை வேனிலேயே இருக்கட்டும்.

இரவுத் தங்கல் ப்ளேன் தே காஃப்ரில், சுமார் 1,600 மீட்டர் உயரத்தில். இந்தத் தேர்வுக்குத் தாராளமாகப் பாராட்டலாம். இரண்டாம் நாள் எரிமலை. கரையோர ஓட்டலில் படுத்துவிட்டு அங்கே போகிறவர்கள் இரண்டு மணி நேரத்தைச் சாலையிலேயே தொலைக்கிறார்கள். இங்கிருந்து ஐந்தரைக்குக் கிளம்பினால் ஏழுக்குள் எரிமலை விளிம்பில் நிற்கலாம். ஆனால் ஐந்தரைக்குக் கிளப்புவதில்லை, ஏழரைக்குத்தான் கிளப்புகிறார்கள். குழுவில் ஆறு பேர் சேர்ந்து முதல் நாள் இரவே கேட்டால் வழிகாட்டி ஒத்துக்கொள்வார். தங்குமிடத்தில் காலை உணவைப் பொட்டலமாகக் கட்டித் தருவார்கள்.

பூர்-மூரா என்னும் ஊரிலிருந்து காட்டுச் சாலையில் போனால் முதலில் ப்ளேன் தே சாப்ல் வரும். செங்கருஞ்சாம்பல் பரந்த வெளி, ஒரு புல்லும் இல்லை. அதைக் கடந்ததும் 2,311 மீட்டரில் பா தெ பெல்கோம்ப் விளிம்பு. கீழே ஆங்க்லோ என்னும் பெரும் எரிமலைத் தொட்டி, நடுவில் 2,632 மீட்டர் உயர பித்தோன் தெ லா ஃபூர்னேஸ். விளிம்பிலிருந்து 500-க்கும் மேற்பட்ட படிகள் செங்குத்தாக இறங்குகின்றன. இறங்குவது சுலபம், திரும்பும்போது, கால் ஓய்ந்தபின், இதே படிகள் கடைசியில் காத்திருக்கின்றன என்பதை மறக்க வேண்டாம்.

கீழே இறங்கிக் கால் மணியில் ஃபோர்மிக்கா லியோ, 1753-இல் உருவான சின்னச் சாம்பல் குன்று. முழங்கால் சரியில்லாதவர்களும் பிள்ளைகளும் இதுவரை போய்த் திரும்பினாலே போதும், நஷ்டமில்லை. எரிமலையின் உச்சியிலுள்ள தொலொமியூ வாயின் காட்சிமுனை வரை போய்வர ஐந்து முதல் ஆறு மணி நேரம். 2007 ஏப்ரலில் அந்த வாயின் தரை 300 மீட்டருக்கும் மேல் உள்ளே அமிழ்ந்துவிட்டது. விளிம்பில் நின்று பார்த்தால் ஒரு முழு மலையைத் தோண்டி எடுத்த குழிபோல் இருக்கும். பாதை என்று தனியாக ஒன்றுமில்லை. உறைந்த லாவாவின் மேல் கையகலத்துக்கு வெள்ளைச் சாயம் தீட்டியிருக்கிறார்கள், ஒன்றிலிருந்து அடுத்தது தெரியும் தூரத்தில். மேகம் இறங்கினால் அடுத்த வெள்ளை தெரியாது. சுற்றிலும் ஒரே கறுப்பு, ஒரே மாதிரி மடிப்பு. அப்போது நிற்கும் புள்ளியை விட்டு நகராமல் மேகம் விலகும்வரை காத்திருப்பதுதான் முறை. நிழல் அறவே கிடையாது, குடிநீரும் கிடையாது. ஆளுக்கு இரண்டு லிட்டர். லாவா அரம்போன்றது, விழுந்தால் உள்ளங்கை உரியும், ஆகவே மெல்லிய கையுறை வைத்துக்கொள்வது வீண் செலவல்ல.

எரிமலை பொங்கினால் அதிர்ஷ்டம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: பொங்கும் அறிகுறி தெரிந்த உடனே ஆங்க்லோவின் வாசல் பூட்டப்படும். அன்று உங்கள் திட்டத்தில் மாற்று என்ன என்று எழுத்தில் கேளுங்கள். பூர்-மூராவில் உள்ள எரிமலை அருங்காட்சியகம் நல்லதுதான், ஆனால் அதற்கு இரண்டு மணி நேரமே போதும். மிச்ச நேரத்துக்குத் தென்கிழக்குக் கரையில் லாவா கடலுக்கு இறங்கிய சாலையையும், 1977-இல் லாவா சுற்றிக்கொண்டும் தப்பிய சேந்த்-ரோஸ் தேவாலயத்தையும் காட்டும் ஏற்பாடே சரியான மாற்று. இந்தச் சுற்றுலாவில் மாற்று என்று போட்டிருந்தது கடைத்தெரு.

அடுத்து சிலாவோஸ் என்னும் மலையூர். அங்கே போகும் சாலையில் 400-க்கும் மேல் வளைவுகள். ஒற்றை வண்டி மட்டும் நுழையும் குகைப்பாதைகளில் ஹாரன் அடித்துவிட்டுத்தான் நுழைய வேண்டும். வயிறு காலியாகவும் வேண்டாம், நிரம்பவும் வேண்டாம்; முன் இருக்கையை வாந்தி வருபவருக்கு விட்டுக்கொடுங்கள். ஊரில் பருப்பு வாங்கலாம். சிலாவோஸ் பருப்பு பொடியானது, பழுப்பு நிறம், விலை அதிகம், சமைக்குமுன் கல் பொறுக்க வேண்டும்.

மூன்றாம் நாள்தான் இந்தச் சுற்றுலாவின் உயிர். மாஃபாத் பள்ளத்தாக்குக்குச் சாலையே கிடையாது. அங்கே வாழும் சில நூறு பேருக்கு அரிசி, எரிவாயு, சிமென்ட் எல்லாம் ஹெலிகாப்டரில் வருகிறது, மின்சாரம் சூரியத் தகட்டில். சிலாவோஸ் பக்கத்திலிருந்து 2,081 மீட்டர் உயர தாயிபி கணவாய்க்கு ஏறுவது ஏறக்குறைய 800 மீட்டர் ஏற்றம், சாதாரண நடையில் மூன்று மணி. பாதி வழியில் ஒரு மூலிகைத் தேநீர்க் கடை உண்டு. ஏறுபவர்களுக்கு ஒரு கஷாயம், இறங்குபவர்களுக்கு வேறொன்று. பலன் எப்படியோ, உட்கார ஒரு சாக்கு. கணவாயிலிருந்து மார்லா என்னும் சிற்றூர் வரை ஒரு மணி நேர இறக்கம், அங்கிருந்து இரவு தங்கும் லா நூவெல் ஊருக்கு ஒன்றரை, இரண்டு மணி. இந்தத் தீவில் யாரும் கிலோமீட்டர் சொல்வதில்லை, நேரம்தான் சொல்வார்கள். அது சரியும்கூட.

பெரிய பெட்டி வேனிலேயே தீவைச் சுற்றிக்கொண்டு மறுநாள் அந்தப் பக்கம் வந்து நிற்கும். முதுகில் எடுத்துப்போவது ஒரு இரவுக்கானது மட்டும், ஏழு கிலோவைத் தாண்டக் கூடாது. மழைச்சட்டை, ஒரு மாற்றுடை, கம்பளிச் சட்டை, தலைவிளக்கு, தூங்க மெல்லிய உறை, யூரோ ரொக்கம். மாஃபாத்தில் ஏ.டி.எம். இல்லை. தடத்தில் மண் சரியாமலிருக்க மரக்கட்டைகளைக் குறுக்கே பதித்திருக்கிறார்கள், நனைந்தால் சோப்புபோல வழுக்கும். கட்டையின் மேல் கால் வைக்காமல் அதன் பின்னாலுள்ள மண்ணில் வையுங்கள். நடைக்கோல் இரண்டு இருந்தால் மறுநாள் முழங்கால் உங்களுடையதாகவே இருக்கும்.

லா நூவெலில் தங்குவது ஜீத் என்னும் மலைவிடுதியில். நான்கு, ஆறு படுக்கை அறைகள். கம்பளி தருவார்கள், துண்டு தரமாட்டார்கள். வெந்நீர் முதலில் குளிப்பவருக்கு உறுதி, கடைசியாளுக்கு இல்லை. ஏழு மணிக்கு நீள மேசையில் எல்லோருக்கும் ஒன்றாகச் சாப்பாடு: சோறு, காரி, பருப்பு அல்லது பீன்ஸ், ருகாய். காரி நம் கறி. ருகாய் நம் ஊறுகாயிலிருந்து வந்த சொல் என்கிறார்கள், ஆனால் தட்டில் வருவது தக்காளி, மிளகாய், இஞ்சி இடித்த துவையல். கீரை இருந்தால் அது முருங்கையாக இருக்கலாம், பெயரும் கிட்டத்தட்ட அதேதான். ஆனால் ‘ருகாய் சொசீஸ்’ என்றால் பன்றித் தொத்திறைச்சி, துவையல் என்று நம்பி விடாதீர்கள்.

சைவர்கள் கவனிக்க வேண்டியது இது. ஹெலிகாப்டரில் சாமான் வரும் ஊரில் வாசலில் நின்று “நாங்கள் சைவம்” என்றால், சோறும் பருப்பும் ருகாயும்தான் கிடைக்கும். இரண்டு வாரம் முன்பே சொன்னால் சௌசௌ கறி, கீரை என்று சமைத்துவைப்பார்கள். ரீயூனியன் தமிழர்கள், அதாவது அங்கே ‘மல்பார்’ எனப்படுபவர்கள், விரதத்தைக் ‘கரேம்’ என்கிறார்கள். அந்தச் சொல்லைப் போட்டுக் கேளுங்கள், முட்டை, மீன் சாறுகூடச் சேராது என்பது தனியே விளக்காமல் புரிந்துவிடும். ‘வெஜிடேரியன்’ என்றால் சூரை மீன் வந்து நிற்கும்.

நான்காம் நாள் ஏற்றம் 500 மீட்டர், கோல் தே பெஃப் கணவாய்க்கு. வழியில் தாமரின் காடு. பெயரைக் கேட்டுப் புளி தேட வேண்டாம். அது வேல இனத்து மரம், பாசி மூடிச் சாய்ந்து வளர்வது, காலைப் பனியில் அழகு. ஆறரைக்கு நடக்கத் தொடங்கினால் ஒன்பதுக்குக் கணவாயில் நிற்கலாம். இந்த ஒரு நாள்தான் ஏற்பாட்டாளரே சரியான நேரத்தில் கிளப்பினார், மாலை விமானம் பிடிக்க வேண்டியிருந்ததால்.

அந்த அவசரம்தான் அடுத்த பிரச்சினை. இரவு மொரீஷியஸில் தூங்கி, விடிந்ததும் ரோட்ரிக்ஸ். 560 கிலோமீட்டர் கிழக்கே, ஏ.டி.ஆர். சிறு விமானத்தில் ஒன்றரை மணி. ஈரத் துணியும் சேற்றுச் சப்பாத்தும் அப்படியே பெட்டியில். இடையில் ஒரு நாள் வேண்டும். கிடைக்காவிட்டால் தனியாக ஒரு பிளாஸ்டிக் வாளியாவது வேண்டும். வேடிக்கையல்ல, ரோட்ரிக்ஸில் குழாய்த் தண்ணீர் எல்லா நாளும் வருவதில்லை. விடுதிக்காரர் தொட்டியில் பிடித்துவைத்த நீரில் சப்பாத்துக் கழுவுவது அவ்வளவு நன்றாக இல்லை.

ரோட்ரிக்ஸ் 108 சதுர கிலோமீட்டர், மிக உயரமான மோன் லிமோன் 398 மீட்டர். ரீயூனியனிலிருந்து வந்தவருக்கு இது மலையே இல்லை. இங்கே ஆட்சி செய்வது மேகமல்ல, கடல் ஏற்றவற்றம். தீவைச் சுற்றியுள்ள காயல் தீவைப்போல இரண்டு மடங்கு பரப்பு, ஆனால் பல இடங்களில் முழங்காலளவு ஆழம். காயலுக்குள் இருக்கும் கோகோ தீவுக்குப் புவாந்த் தியாப்ல் படகுத்துறையிலிருந்து படகில் ஒரு மணி நேரம். நீர் வற்றினால் எஞ்சினைத் தூக்கிவிட்டு, படகுக்காரர் நீளக் கழியை மணலில் ஊன்றித் தள்ளுவார். கிளம்பும் நேரம் ஒவ்வொரு நாளும் மாறும். சுற்றுலாத்தாளில் ‘காலை 9’ என்று அச்சடித்திருந்தாலும் முதல் நாள் மாலை படகுக்காரரிடம் கேட்பதே வேதவாக்கு.

கோகோ தீவு மணல் திட்டுதான், சவுக்கு மரங்களும் பறவைகளும். அனுமதிச் சீட்டு வேண்டும், அது கட்டணத்தில் சேர்ந்தது. வெள்ளை ஆலாவைத் தேடுங்கள். கூடு கட்டாத பறவை. மொட்டைக் கிளையில் சிறு பள்ளம் பார்த்து ஒற்றை முட்டையை வைத்துவிடும். முட்டை காற்றில் ஆடுகிறது, விழுவதில்லை. கிளையைத் தொடக் கூடாது, கயிறு கட்டிய எல்லையைத் தாண்டக் கூடாது. தொப்பி அணிவது வெயிலுக்காக மட்டுமல்ல.

ஆக்டோபஸ் சாலட் பேர் போனது. ஆனால் 2012 முதல் ஆண்டுதோறும் ஆகஸ்ட்–அக்டோபர் வாக்கில் இரண்டு மாதம் பிடிக்கத் தடை. அந்த மாதங்களில் ‘புதிது’ என்று யாராவது பரிமாறினால் ஒன்று உறையவைத்த பழையது, இல்லை குற்றம். பிரான்சுவா லேகா காப்பகத்தில் ராட்சத ஆமைகளும் சுண்ணாம்புக் குகையும் அரை நாள். வழுக்காத செருப்பு போதும். சேன்-பிரான்சுவாவிலிருந்து த்ரூ தார்ஜான் கடற்கரைக்குத் தாழம்புதர்கள் வழியே நடை, கேட்காமலே அழைத்துப்போகிறார்கள், நன்றி.

ஆவணம்: ஷெங்கன் விசா ரீயூனியனுக்குச் செல்லாது, இந்தியக் கடவுச்சீட்டுக்காரர்கள் ரீயூனியனுக்கென்றே விசா தேவையா என்பதைப் பிரெஞ்சுத் தூதரகத்தில் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். ரோட்ரிக்ஸ் விமானம் உள்நாடுதான், ஆனாலும் வெளிநாட்டவர் கடவுச்சீட்டைக் காட்ட வேண்டும். எட்டாம் நாள் திரும்பி அன்றிரவே சென்னைக்கோ ஜொகன்னஸ்பர்க்குக்கோ டிக்கெட் போட வேண்டாம். காற்று பலமாக வீசினால் அந்த ரோட்ரிக்ஸ் சிறு விமானம் கிளம்பாது. ஒரு இரவு இடைவெளி விடுங்கள், அந்த ஓட்டல் செலவு இந்தக் கட்டணத்தில் இல்லை.

கடைசிக் காலை, ரோட்ரிக்ஸின் தலைநகர் போர்ட் மாத்துரினின் சனிச்சந்தை. பயணத் திட்டத்தில் பத்து மணி என்றிருக்கிறது. அப்போது சந்தையில் வெற்று மேசைதான் மிஞ்சும். விடிந்ததும் போனால் தாழைப் பின்னல் பை, தேன், சிவப்பு பீன்ஸ், சுண்டெலி வாலளவு காந்தாரி மிளகாய், எலுமிச்சை ஊறுகாய் எல்லாம் உண்டு. 2014 முதல் தீவில் பிளாஸ்டிக் பைக்குத் தடை, துணிப்பை கொண்டுபோங்கள். ஊறுகாய்ப் புட்டியின் மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, அழுக்குத் துணியில் உருட்டிப் பெரிய பெட்டியில் வையுங்கள். கைப்பையில் இருந்தால் விமான நிலையத்திலேயே விட்டுவர வேண்டியதுதான்.