வீகன், பால் சைவம், மீன் சேர்த்த சாப்பாடு: எது இயற்கை, எது ஆரோக்கியம்?

வீகன் உணவு இயற்கைக்கு விரோதமானது என்கிறது ஒரு தரப்பு. மனித உடல் தாவர உணவுக்கென்றே அமைந்தது, இறைச்சி நமக்குச் சேரவே சேராது என்கிறது எதிர்த் தரப்பு. யூடியூபைத் திறந்தால் இரண்டு பக்கமும் டாக்டர்கள் இருக்கிறார்கள். இரண்டையும் கேட்டுவிட்டு, பாலை நிறுத்தலாமா வேண்டாமா என்று குழம்பி நிற்பவர்கள்தான் அதிகம். அவர்களுக்காகத்தான் இந்த அலசல்.

தமிழ்நாட்டுச் சமையலறையை வைத்தே பார்ப்போம். போட்டியில் மூன்று தட்டுகள். முதலாவது வீகன் தட்டு, அதாவது நனிசைவம்: பால், தயிர், மோர், நெய், முட்டை, தேன் எதுவும் கிடையாது. இரண்டாவது, நாம் வழக்கமாகச் சைவம் என்று சொல்கிற, பாலும் தயிரும் சேர்ந்த சாப்பாடு. மூன்றாவது, பெரும்பாலான வீடுகளில் நடப்பது: தினமும் சோறு, சாம்பார், காய், நடுநடுவே முட்டை, மீன், ஞாயிற்றுக்கிழமை கறி. 2014ஆம் ஆண்டு மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் அசைவம் சாப்பிடுகிறவர்கள் 97 சதவீதத்துக்கும் மேல்.

முதலில் இயற்கை

எத்தியோப்பியாவில் கோனா என்ற இடத்தில் கிடைத்த விலங்கு எலும்புகளில் கல் கருவியால் வெட்டிய தடங்கள் இருக்கின்றன. வயது சுமார் 25 லட்சம் ஆண்டுகள். நம் குடலும் அதையேதான் சொல்கிறது. நாள் முழுக்க இலைதழை மெல்லும் கொரில்லாவுக்குப் பெருங்குடல்தான் பெரிது; நமக்குச் சிறுகுடல் பெரிது. சத்துச் செறிந்த, சமைத்த உணவுக்குப் பழகிய உடல் இது. ஆகவே இறைச்சி மனிதனுக்கு அந்நியம் என்ற பேச்சு நிற்காது.

அதற்காக மனிதன் பிறவியிலேயே மாமிச உண்ணி என்றும் சொல்லிவிட முடியாது. உமிழ்நீரில் மாவுச்சத்தை உடைக்கும் அமைலேஸ் நொதிக்கான மரபணு சிம்பன்சியைவிட நம்மிடம் பல மடங்கு பெருகியிருக்கிறது. கிழங்கும் தானியமும் அதிகம் சாப்பிட்டு வந்த மக்களிடம் அது இன்னும் கூடுதல். நியண்டர்தால் மனிதர்களின் பல்லில் படிந்த காரையை ஆராய்ந்து 2017இல் வெளியான முடிவு எனக்கு மிகவும் பிடித்தது. பெல்ஜியத்தின் ஸ்பை குகையில் வாழ்ந்தவர் காண்டாமிருகமும் காட்டுச் செம்மறியும் சாப்பிட்டிருக்கிறார். ஸ்பெயினின் எல் சித்ரோன் குகையில் இருந்தவர்களிடம் காளான், பாசி, பைன் கொட்டை கிடைத்ததே தவிர இறைச்சியின் தடயம் கிடைக்கவில்லை. ஒரே இனம்தான், ஆனால் இடத்துக்குத் தகுந்த சாப்பாடு.

பாலுக்கு வருவோம். "பால்கூடக் குடிக்கலைன்னா உடம்பு என்னத்துக்குடா ஆகும்?" என்று பாட்டிமார் கேட்பார்கள். அக்கறையில் கேட்பதுதான். ஆனால் தாவர உணவு, இறைச்சி, பால் மூன்றில் பழமை குறைந்தது பால்தான். மனிதர்கள் ஆடு மாடு வளர்த்துப் பால் கறக்கத் தொடங்கியே சுமார் பத்தாயிரம் ஆண்டுதான் ஆகிறது. வளர்ந்த பிறகும் பாலின் லாக்டோஸைச் செரிக்கும் திறன் அதற்கப்புறம் சில மக்களிடம் பரவிய மரபணு மாற்றம். உலகத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பெரியவர்களுக்கு அந்தத் திறன் குறைவு. இந்தியாவில் வடமேற்கில் அது அதிகம், தெற்கே குறைவு. பால் குடித்தால் வயிறு உப்புகிறது, மோர் மட்டும் ஒத்துக்கொள்கிறது என்று நம் ஊரில் பலர் சொல்வதற்குக் காரணம் இதுதான்: உறையில் உள்ள பாக்டீரியா லாக்டோஸில் ஒரு பகுதியை ஏற்கெனவே தின்று தீர்த்திருக்கும்.

வீகன் தரப்புக்கும் ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். பால், முட்டை, மீன், தேன் எதையும் தொடாமல் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த பாரம்பரியச் சமூகம் என்று ஒன்றையும் காட்ட முடியாது. சமணர்கள் பால் எடுத்துக்கொள்கிறார்கள். புலால் உண்ணாத நீலகிரித் தோடர்களின் வாழ்க்கையே எருமைப் பாலைச் சுற்றித்தான். இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சனும் நண்பர்களும் வீகன் சங்கத்தைத் தொடங்கியது 1944இல். பி12 வைட்டமின் பிரித்தெடுக்கப்பட்டதோ 1948இல். நடுவில் இருந்த நான்கு ஆண்டும் அவர்கள் எதை இழக்கிறோம் என்று தெரியாமலேயே சாப்பிட்டார்கள். அந்த ஆரம்பகால வீகன்கள் சிலருக்கு வந்த நரம்புக் கோளாறுகள் 1950களில் மருத்துவ இதழ்களில் பதிவாகின.

இந்த பி12ஐ நன்றாகப் புரிந்துகொண்டால் இயற்கைச் சண்டையில் பாதி அடங்கிவிடும். இதைச் செடியும் செய்வதில்லை, விலங்கும் செய்வதில்லை. பாக்டீரியா மட்டுமே செய்கிறது. மாட்டுக்கு அசையூண் வயிற்றிலேயே அந்த பாக்டீரியா இருப்பதால் சத்து பாலுக்கும் இறைச்சிக்கும் வந்துசேர்கிறது. நம் குடலிலும் பி12 உற்பத்தி நடக்கிறது, ஆனால் பெருங்குடலில். அதை உறிஞ்சும் இடமோ அதற்கு முன்னால், சிறுகுடலின் கடைசிப் பகுதியில் இருக்கிறது. உறிஞ்சும் இடத்தைத் தாண்டிய பிறகு உற்பத்தியாகி என்ன பயன்? பண்ணைக் கோழியின் கதை வேறு. அது மண்ணைக் கிளறித் தின்பதில்லை. அதன் தீவனத்தில் கலக்கும் வைட்டமின் பொடியிலேயே பி12 சேர்த்துத்தான் கொடுக்கிறார்கள். ஆறு வாரத்தில் இரண்டு கிலோவைத் தொடுகிற பிராய்லரைத் தட்டில் வைத்துக்கொண்டு, மாத்திரை போடும் வீகனைப் பார்த்து "இது செயற்கை" என்று சொல்வதில் நியாயம் இல்லை.

என் முடிவு இதுதான்: இயற்கை என்ற தேர்வில் மூன்று தட்டுமே தேறாது, ஆகவே அந்தத் தேர்வையே கைவிட்டுவிடலாம். உடம்புக்கு என்ன நடக்கிறது என்று பார்ப்பதுதான் உருப்படியான வேலை.

உடம்பு என்ன சொல்கிறது

வீகனுக்குச் சாதகமான தெளிவான சான்று இதயம் பற்றியது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 22 ஜோடி ஒரே கரு இரட்டையர்களைப் பிரித்து, ஒருவருக்கு வீகன் உணவும் மற்றவருக்கு ஆரோக்கியமான கலப்பு உணவும் எட்டு வாரம் கொடுத்தார்கள். 2023இல் வெளியான முடிவில், வீகன் பக்கம் கெட்ட கொழுப்பான எல்டிஎல் சராசரியாக 110இலிருந்து 95க்கு இறங்கியது. மற்றவர்களுக்குப் பெரிய மாற்றமில்லை. மரபணு ஒன்றே என்பதால் வித்தியாசத்துக்குக் காரணம் சாப்பாடுதான். ஆனால் எட்டு வாரம் என்பது குறுகிய காலம் என்பதையும் மறக்கக்கூடாது.

நீண்ட காலத்துக்கு பிரிட்டனின் எபிக்-ஆக்ஸ்போர்டு ஆய்வு இருக்கிறது. ஏறக்குறைய 48 ஆயிரம் பேரைச் சுமார் 18 ஆண்டு பின்தொடர்ந்ததில், இறைச்சி சாப்பிடுபவர்களைவிட, வீகன்களையும் சேர்த்த சைவர்களுக்கு மாரடைப்பு வகை இதய நோய் 22 சதவீதம் குறைவு, பக்கவாதம் 20 சதவீதம் அதிகம். மீன் மட்டும் சாப்பிடுபவர்களுக்கு இதய நோய் 13 சதவீதம் குறைவு. அதே ஆய்வின் 2020 அறிக்கைதான் வீகன்கள் கவனித்துப் படிக்க வேண்டியது: எலும்பு முறிவு 43 சதவீதம் அதிகம், இடுப்பு எலும்பு முறிவு இரண்டு மடங்குக்கு மேல். குறைந்த எடை, கால்சியம், புரதம் மூன்றும் இதற்கு ஒரு பகுதிக் காரணம்தான்; அவற்றைக் கணக்கில் எடுத்த பிறகும் வித்தியாசம் மிஞ்சியது. உடம்பு மெலிந்த, நாற்பதைத் தாண்டிய ஒரு பெண் வீகனுக்கு மாறுகிறார் என்றால் நான் முதலில் கேட்பது இதைப் பற்றித்தான்.

அமெரிக்க அட்வென்டிஸ்ட் கிறிஸ்தவர்கள் 73 ஆயிரம் பேரிடம் செய்த ஆய்வு 2013இல் வந்தது. புகை, மது குறைவான சமூகம் என்பதால் சாப்பாட்டின் விளைவு சற்றுத் தெளிவாகத் தெரியும். இறப்பு விகிதம் மிகவும் குறைந்திருந்தது மீன் சேர்த்த சைவர்களிடம், அசைவர்களைவிட 19 சதவீதம் குறைவு. வீகன்களுக்கு 15, பால் முட்டைச் சைவர்களுக்கு 9. இடைவெளி பெரிதில்லை. மூன்றுமே நன்றாகச் சாப்பிடும் அமெரிக்கர்களின் கணக்கு என்பதும் முக்கியம்.

நம் தட்டு அப்படியா இருக்கிறது? இங்கேதான் எனக்குக் கவலை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் (ஐசிஎம்ஆர்) நாடு முழுக்க நடத்திய நீரிழிவு ஆய்வின்படி இந்தியர்களின் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது, புரதத்திலிருந்து 12 சதவீதம்தான். தெற்கே அந்த மாவுச்சத்தில் பெரும்பகுதி பட்டை தீட்டிய வெள்ளை அரிசி. தமிழ்நாட்டில் நீரிழிவு 14.4 சதவீதம். சைவச் சாப்பாட்டிலிருந்து தயிரையும் நெய்யையும் மட்டும் எடுத்துவிட்டு "நான் வீகன்" என்றால், மிஞ்சுவது சோறு, ரசம், கொஞ்சம் பொரியல், ஓர் அப்பளம். அதைச் சத்தான வீகன் உணவு என்று சொல்ல மாட்டேன். எடுத்த இடத்தில் சுண்டல், பாசிப்பயறு, அடை, சோயா, வேர்க்கடலை வந்து உட்கார வேண்டும். அரிசியில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு, பருப்பில் அது தாராளம். பருப்பு என்றால் கெட்டிப் பருப்பைச் சொல்கிறேன். நீர்த்த சாம்பாரில் மிதக்கும் பருப்பு கணக்கில் சேராது.

அசைவத் தட்டும் பெருமைப்பட முடியாது. 97 சதவீதம் பேர் அசைவம் சாப்பிடும் இதே மாநிலத்தில், 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வு. ஞாயிற்றுக்கிழமை இரண்டு துண்டுக் கறி, மற்ற ஆறு நாளும் சோறும் டீயும் என்றால் கறியின் இரும்புச்சத்து எத்தனை நாளைக்கு வரும்? பெண்களுக்கு அந்த இரண்டு துண்டும் கடைசியில்தான் வந்துசேர்கிறது என்பது தனி வேதனை. தாவர இரும்பு உடம்பில் ஒட்டுவது குறைவுதான். ஆனால் எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்தால் கூடும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் குறையும். மூன்று தட்டுக்கும் இது பொருந்தும்.

கால்சியத்தில் வீகனுக்கு நம் ஊரே துணை. நூறு மில்லி பசும்பாலில் சுமார் 120 மில்லிகிராம். நூறு கிராம் கேழ்வரகில் 340க்கு மேல், முருங்கைக்கீரையில் 300க்கு மேல், எள்ளில் ஆயிரத்துக்கு மேல். தேவை நாளுக்கு 1,000. கேழ்வரகில் உள்ள ஃபைட்டேட் என்ற வேதிப்பொருள் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். முளைகட்டினாலோ கூழாகப் புளிக்கவைத்தாலோ அந்தப் பிடி தளரும். கடையில் வாங்கும் தாவரப் பாலில் ஏமாறாதீர்கள். பெட்டியைத் திருப்பிப் பாருங்கள்: பாதாம் பாலில் புரதம் நூறு மில்லிக்கு ஒரு கிராம்கூட வராது, சோயா பாலில் மூன்று கிராம் வரும். கால்சியம் சேர்த்த வகை என்றால் அது அடியில் தங்கிவிடும், குலுக்கித்தான் ஊற்ற வேண்டும். அப்புறம், சூடான டிகாக்‌ஷனில் சோயா பால் திரியும். ஃபில்டர் காபிப் பிரியர்கள் பாதியில் திரும்புவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

பால் சைவர்கள் பலர் பி12 தங்கள் பிரச்சினையே இல்லை என்று நினைக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் தெரியும். பெரியவர்களின் தேவை நாளுக்கு 2.2 மைக்ரோகிராம். நூறு மில்லி பாலில் அரை மைக்ரோகிராமுக்கும் கொஞ்சம் குறைவு. அப்படியென்றால் அரை லிட்டர் பால் வேண்டும். இரண்டு வேளைக் காபியும் ஒரு டம்ளர் நீர்மோரும் அதில் பாதியைக்கூட எட்டாது. புனேயில் 441 ஆண்களைச் சோதித்ததில் 67 சதவீதம் பேருக்கு பி12 குறைவாக இருந்தது. செறிவூட்டிய அரிசியில் பி12 சேர்க்கிறார்களே என்றால், தரவிதிப்படி கிலோவுக்கு 0.75 முதல் 1.25 மைக்ரோகிராம்தான். முழுத் தேவைக்கு இரண்டு கிலோ அரிசி சாப்பிட வேண்டும்.

இந்தக் குறை சட்டென்று தெரியாது. ஈரலில் சேமிப்பு இருப்பதால் சில ஆண்டுகள் ஓடிவிடும். பிறகு பாதத்தில் மரமரப்பு, எரிச்சல், மறதி, வழவழத்த சிவந்த நாக்கு. கீரையும் பருப்பும் நிறையச் சாப்பிடுவோருக்கு ஃபோலேட் என்ற இன்னொரு பி வைட்டமின் தாராளமாகக் கிடைப்பதால் ரத்தசோகை வெளியே காட்டாது, நரம்பு மட்டும் உள்ளே கெடும். மெட்ஃபார்மின் எடுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கு ஆபத்து இரட்டை. அந்த மாத்திரையே பி12 உறிஞ்சுதலைக் குறைக்கும். பாதம் மரத்துப்போனால் சர்க்கரையால்தான் என்று விட்டுவிடுகிறோம்.

மூன்றாம் தட்டின் உண்மையான பலம் கோழியோ ஆட்டுக்கறியோ இல்லை, சின்ன மீன். இரண்டு மூன்று மத்தியில் ஒரு நாள் பி12 முழுதாக வந்துவிடும். கூடவே மூளைக்கும் இதயத்துக்கும் வேண்டிய ஒமேகா-3. ஆளிவிதையிலிருந்து நம் உடம்பு அதை மிகச் சிறிதளவே தயாரித்துக்கொள்ளும். முள்ளோடு தின்னும் நெத்திலியில் கால்சியமும் உண்டு. மத்தி விலை வஞ்சிரத்தின் பக்கத்தில்கூட வராது. வீகன்கள் இதே ஒமேகா-3ஐக் கடற்பாசி எண்ணெய் மாத்திரையாக எடுக்கலாம். மீனுக்கே அது பாசியிலிருந்துதான் வருகிறது. விலைதான் இடிக்கும்.

யாருக்கு எது

உயிர்க்கொலையும் பால் பண்ணைக் கன்றுகளின் கதியும் மனதை உறுத்தி வீகனாகிற பெரியவர்களை நான் மனமாரப் பாராட்டுகிறேன். அவர்கள் உடம்பு கெடத் தேவையில்லை. வீகன் சங்கமே சொல்கிற அளவு, தினம் 10 மைக்ரோகிராம் பி12, அல்லது வாரம் ஒருமுறை 2,000. இதோடு தினமும் பயறு, எள், கேழ்வரகு, கொஞ்சம் வெயில், அயோடின் உப்பு. மாத்திரை போட மாட்டேன், எல்லாம் இயற்கையில் இருக்கிறது என்பவர்கள் தயவுசெய்து இதில் இறங்க வேண்டாம். இதயத்துக்காக மட்டும் மாற நினைப்பவர்கள் பால் சைவமோ மீன் சைவமோ போதும், அரிசியைக் குறைத்துப் பயறைக் கூட்டினால்.

கர்ப்பிணிகள், குழந்தைகள் விஷயத்தில் நிபுணர்களே ஒரே குரலில் பேசவில்லை. அமெரிக்க உணவியல் சங்கம் 2016இல் வீகன் உணவு எல்லா வயதுக்கும் பொருந்தும் என்றது. 2025 அறிக்கையில் கர்ப்பம், பாலூட்டல் இல்லாத பெரியவர்களோடு நிறுத்திக்கொண்டது. ஜெர்மன் உணவுச் சங்கம் 2024இல் இந்தப் பிரிவினருக்கு ஆதரவும் சொல்லவில்லை, எதிர்ப்பும் சொல்லவில்லை. பி12 குறைந்த தாயின் பாலிலும் பி12 குறைவாகவே இருக்கும். அந்தக் கைக்குழந்தையின் மூளை வளர்ச்சியே பாதிக்கப்படலாம். ஆகவே பிள்ளை பெறத் திட்டமிடும் வீகன் பெண்ணும், பால் சைவப் பெண்ணும்தான், கருத்தரிக்கும் முன்பே பி12, ஹீமோகுளோபின், வைட்டமின் டி மூன்றையும் பரிசோதித்து, முடிவைத் தன் மகப்பேறு டாக்டரிடம் காட்டிவிட வேண்டும்.