பிள்ளையை யார் கையில் கொடுப்பது? சென்னையிலிருந்து நாகர்கோவில் வரை

காவல்கிணறு தாண்டி முப்பந்தல் பக்கம் வரும்போது மாலை ஐந்து மணி இருக்கும். ஜூலை மாதம். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று காரைப் பிடித்து ஆட்டுகிறது. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தால்தான் வண்டி நேராகப் போகும். பின் இருக்கையில் ஐந்து வயது மகன் காற்றாலைக் காத்தாடிகளை எண்ணிக்கொண்டு வருகிறான், நாற்பதைத் தாண்டிவிட்டான். ஒன்றரை வயது மகள் தூங்குகிறாள். ஊர் வந்துவிட்டது என்று மூச்சு விட்ட நேரத்தில் பின்பக்க இடது டயரிலிருந்து பட் பட் என்று சத்தம்.

அந்தக் கதைக்கு வருகிறேன். அதற்கு முன் நான் ஏன் தனியாக ஓட்டி வந்தேன் என்று சொல்லிவிடுகிறேன்.

நான் மெல்போர்னில் நர்ஸ். அம்மா நாகர்கோவிலில் இருக்கிறாள். கணவருக்கு லீவு கிடைக்கவில்லை, பள்ளி விடுமுறையோ ஜூலை தொடக்கத்தில் இரண்டு வாரம்தான். அதோடு என் லீவையும் சேர்த்து ஒரு மாதமாக்கிக்கொண்டு கிளம்பினேன். சென்னையில் தம்பியின் கார் சும்மா நின்றது. அதை ஊருக்குக் கொண்டுபோனால் அம்மாவையும் பிள்ளைகளையும் நாலு இடம் கூட்டிப்போகலாம். "வந்தே பாரத் ரயில் 2024லிருந்து ஓடுதே, காலையில ஏறினா பகலிலேயே வந்திரலாமே" என்று அம்மா போனில் சொல்லிக்கொண்டே இருந்தாள். அவள் சொன்னது நியாயம்தான். ஆனால் மெல்போர்னிலிருந்து அடிலெய்டு வரை 725 கிலோமீட்டர் நான் இந்தப் பிள்ளைகளோடு தனியாக ஓட்டியிருக்கிறேன். சென்னை நாகர்கோவிலும் ஏறக்குறைய 700 தான். இரண்டு நாட்டிலும் சாலையின் இடது பக்கம்தான் ஓட்டுகிறோம். அங்கேயே எடுத்த சர்வதேச ஓட்டுநர் அனுமதி ஓராண்டு செல்லும். அதையும் ஆஸ்திரேலிய லைசென்ஸையும் சேர்த்து வைத்துக்கொண்டால் போதும். இன்சூரன்ஸ் பேப்பரைத் தம்பி சரிபார்த்துத் தந்தான்.

குழந்தை இருக்கைகள் இரண்டையும் விமானத்தில் கொண்டுவந்தேன். "இதையெல்லாம் எதுக்குச் சுமக்கிற, மடியில வெச்சுக்கிட்டா போதாதா" என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. 2019இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி 14 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளைப் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் ஏற்றினால் ஆயிரம் ரூபாய் அபராதம். ஊரில் இதை அறிந்தவர்கள் குறைவு. அபராதம் கிடக்கட்டும். அவசரப் பிரிவில் வேலை பார்த்தவள் நான். மடியில் இருந்த பிள்ளை முன்கண்ணாடி வரை போய் மோதுவதற்குப் பெரிய வேகம் வேண்டாம் என்று எனக்குத் தெரியும்.

முதல் நாள் அதிகாலை நாலரைக்குத் தாம்பரம் தாண்டினேன். பிள்ளைகள் பாதித் தூக்கத்தில் இருந்ததால் விழுப்புரம் வரை நிம்மதி. சாலை நன்றாக இருக்கிறது. சுங்கச்சாவடிகளில் ஃபாஸ்டேக் வந்தபிறகு சில்லறை தேடும் வேலையும் இல்லை. அன்று இரவு மதுரையில் தங்கல். இருநூறு கிலோமீட்டருக்கு மேல் ஒரே மூச்சில் ஓட்டுவதில்லை, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கட்டாயம் நிறுத்துவது என்று வைத்திருந்தேன்.

நிறுத்துவதில்தான் சிக்கலே. தனியாக இரண்டு பிள்ளைகளோடு வரும் தாய் கழிவறைக்கு எப்படிப் போவாள்? நடக்கத் தெரிந்த, ஆனால் சொன்னதைக் கேட்காத வயது இளையவளுக்கு. அவளைக் கீழே விட்டால் ஈரத் தரையில் உட்கார்ந்துவிடுவாள். இடுப்பில் வைத்துக்கொண்டு நம்ம ஊர்க் கழிவறையில் குந்த முடியாது. பையனை வெளியே நிறுத்தினால், கதவு சாத்திய அடுத்த நொடியே அவன் எங்கே நிற்கிறான் என்ற பயம். பிள்ளையைப் பூட்டிய காருக்குள் விட்டுப் போகவே கூடாது. நம்ம வெயிலில் கார் கொதிக்க அஞ்சு நிமிஷம் அதிகம்.

அடிலெய்டு போகும் வழியில் ஒவ்வொரு சிறு ஊரிலும் ஒரு பொதுக் கழிவறை இருக்கும். அதில் ஒன்று பெரியதாக, தள்ளுவண்டியோடு உள்ளே போகிற அளவுக்கு இருக்கும். பிள்ளைக்கு டயப்பர் மாற்ற சுவரில் மடக்குப் பலகை இருக்கும். கதவைச் சாத்தினால் மூன்று பேரும் உள்ளே. அவ்வளவுதான், வேறு ஒன்றும் வேண்டாம்.

இங்கே பெட்ரோல் பங்குகளில் கழிவறையும் குடிநீரும் காற்றும் இலவசமாகத் தரவேண்டும் என்பது எண்ணெய் நிறுவனங்களே வைத்திருக்கிற விதி. எரிபொருள் போடாவிட்டாலும் கேட்கலாம். கேட்டேன். ஒரு பங்கில் சாவி மேனேஜரிடம், மேனேஜர் சாப்பிடப் போயிருந்தார். இன்னொன்றில் பெண்கள் கழிவறைக்குள் ஆயில் டின்களை அடுக்கியிருந்தார்கள். மூன்றாவதில் திறந்திருந்தது, தாழ்ப்பாள் இல்லை. கடைசியில் கைகொடுத்தது நெடுஞ்சாலையோரத்துப் பெரிய சைவ உணவகங்கள்தான். திருச்சிக்கு முன்னால் ஒன்றில் "பேபி சேர் இருக்கா?" என்று கேட்டதும் சர்வர் பையன் துடைத்துக் கொண்டுவந்து போட்டான். இட்லி வந்ததும் அங்கே சுத்தம் செய்கிற அக்கா, நான் கேட்காமலே, "பாப்பாவ நான் பாத்துக்கறேம்மா, நீ போயிட்டு வா" என்றார்.

நான் தயங்கினேன். அவர் யாரோ, நான் யாரோ. ஆனால் காலையிலிருந்து தண்ணீரே சரியாகக் குடிக்கவில்லை. கழிவறைக்குப் போக வழியில்லாததால் தண்ணீர் குடிக்காமல் வரும் பெண்கள் எத்தனை பேர்! சிறுநீர்ப் பாதைத் தொற்றோடு வருகிறவர்களை ஆஸ்பத்திரியில் பார்த்துப் பார்த்து, "நிறைய தண்ணி குடிங்க" என்று சொல்லி அனுப்புகிறவள் நான். அன்று எனக்கே அந்த நிலைமை. பையனைக் கூட்டிக்கொண்டு போனேன். திரும்பி வந்தபோது மகள் அவர் கையிலிருந்து இட்லி வாங்கித் தின்றுகொண்டிருந்தாள்.

சரி, இப்போது டயர். விளக்குகளை மினுக்கவிட்டு முடிந்த அளவு இடது ஓரம் ஒதுக்கினேன். பிள்ளைகளை இடது கதவு வழியாக இறக்கிச் சாலையை விட்டுத் தள்ளிப் பனைமரத்தடியில் நின்றேன். நெடுஞ்சாலை உதவி எண் 1033 போனில் பதிந்து வைத்திருந்தேன். அழைக்க எடுப்பதற்குள் பைக்கில் போன இரண்டு இளைஞர்கள் திரும்பி வந்து நிறுத்தினார்கள். "என்னக்கா, பஞ்சரா? ஸ்டெப்னி இருக்கா?" இருந்தது. ஆனால் அதிலும் காற்று பாதிதான். கிளம்பும்போது ஸ்டெப்னியைப் பார்க்காமல் விட்டது என் தவறு. ஜாக்கி வைத்து மாற்றிவிட்டு, "மெதுவா எங்க பின்னால வாங்க" என்று ஆரல்வாய்மொழி தாண்டித் தோவாளைப் பக்கம் ஒரு பஞ்சர் கடைக்குக் கூட்டிப்போனார்கள். பணம் நீட்டினேன், வாங்கவில்லை.

கடைக்காரர் ஐம்பது வயசு இருப்பார். டயரை உருட்டிக்கொண்டுபோய்ச் சோப்புத் தண்ணீரைத் தெளித்தார். ஓரிடத்தில் மட்டும் நுரை முட்டைமுட்டையாகக் கிளம்பியது. "இன்னா, இங்கதான்" என்று பையனுக்குக் காட்டினார். குறடால் பிடித்து இழுத்தார், ஒரு விரல்கடை நீளத்துக்கு ஆணி வந்தது. அரம் மாதிரி ஒரு கம்பியை அந்த ஓட்டையில் விட்டுத் தேய்த்தார். பசை தடவிய ரப்பர் திரியை ஊசியில் கோத்து உள்ளே குத்தி, ஊசியை மட்டும் சரேலென்று உருவினார். மிச்சத் திரியை பிளேடால் சீவிவிட்டுத் திரும்பவும் சோப்புத் தண்ணீர். நுரை வரவில்லை. பையன் கைதட்டினான். ஆணியைக் கேட்டு வாங்கிக்கொண்டான், அது இன்னும் அவன் பென்சில் டப்பாவில் இருக்கிறது. ஸ்டெப்னிக்கும் காற்றடித்து மொத்தம் 150 ரூபாய் வாங்கினார்.

பக்கத்துச் சாயாக்கடையில் ஒரு வயதான அம்மா. இளையவள் பசியில் கத்த ஆரம்பித்திருந்தாள். "எந்த ஊரு மக்களே? ஒத்தையிலயா வண்டிய ஓட்டிட்டு வாற?" என்று கேட்டுக்கொண்டே தாரிலிருந்து ஒரு மட்டிப்பழத்தைப் பிய்த்துத் தந்தார். விரல் நீளம்தான் இருக்கும், உரித்ததும் கையெல்லாம் மணம். எங்கள் மாவட்டத்தில் பிள்ளைகளுக்கு முதலில் கொடுக்கிற பழம் அதுதான். 2023இல் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது. மகள் இரண்டு பழம் தின்றாள். பிறகு கடையின் பின்பக்கம் அவருடைய வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பால் கொடுத்தேன். வாசலில் சேலையைத் தொங்கவிட்டுக் காற்றுக்கு மறைத்துத் தந்தார். "நீ முகம் கழுவிட்டு வா, பிள்ளைய இங்க தா" என்றார். இந்த முறை நான் தயங்கவில்லை.

இந்த இரண்டு நாளில் எனக்குக் கிடைத்த ஒவ்வொரு உதவியும் இப்படி மனிதர்கள் கொடுத்ததுதான். அதை நினைத்தால் தொண்டை அடைக்கிறது. ஆனால் அந்த அம்மா கடையைச் சாத்தியிருந்தால்? இரவு பத்து மணியாக இருந்திருந்தால்? ஒரு தாயின் அவசரத் தேவை யாருடைய நல்ல மனசையும் நம்பி நிற்கக்கூடாது.

ஊருக்கு வந்தபிறகு மாவட்டத்துக்குள் சுற்றியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நாகர்கோவிலிலிருந்து மார்த்தாண்டத்தில் இருக்கும் சித்தி வீட்டுக்கு முப்பது கிலோமீட்டர்தான், ஆனால் ஒன்றரை மணி நேரம் ஆனது. சுங்கான்கடை, வில்லுக்குறி, தக்கலை என்று வீடும் கடையும் சாலையை ஒட்டியே வருகின்றன, ஓரம் ஒதுக்க இடமில்லை. பிள்ளைக்கு வாந்தி வந்தால் எங்கே நிறுத்துவது என்று முன்கூட்டியே பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். பத்மநாபபுரம் அரண்மனை தமிழ்நாட்டில் இருந்தாலும் கேரளத் தொல்லியல் துறையின் பொறுப்பில் இருக்கிறது. திங்கட்கிழமை மூடியிருக்கும். மரப்படிகள் குறுகல், செங்குத்து. தள்ளுவண்டி உதவாது, நெஞ்சோடு கட்டிக்கொள்ளும் பைதான் சரி. மாத்தூர் தொட்டிப்பாலத்தில் மேலே நடக்கும்போது சின்னதின் கையை ஒரு கணம்கூட விடவேண்டாம், 115 அடி உயரம்.

கன்னியாகுமரியில் முதல் நாள் கடல் கொந்தளிப்பால் படகு விடவில்லை. ஜூலையில் இப்படி அடிக்கடி நடக்கும், பிள்ளைகளுக்கு ஆசை காட்டிவிட்டுப் போகாதீர்கள். அடுத்த வாரம் போனோம். விவேகானந்தர் பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் நடுவே 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் 2024 டிசம்பர் 30 அன்று திறந்தார்கள். காலுக்கடியில் அலை அடிப்பதைப் பார்த்து மகள் அலறினாள், மகன் படுத்தே விட்டான்.

ஊருக்கு வந்த மூன்றாம் நாள் இரவு மகளுக்குக் காய்ச்சல், வயிற்றுப்போக்கு. மறுநாள் மாலை டோக்கன் போட்டு ஒரு மணி நேரத்தில் குழந்தை மருத்துவரைப் பார்த்தோம். பொறுமையாகப் பார்த்தார், தேவையில்லாத மருந்து ஒன்றுகூட எழுதவில்லை. ஆனால் அதற்கு முன் ஒரு மருந்துக்கடையில், நான் காய்ச்சல் என்று சொன்ன உடனே, சீட்டு கேட்காமல் ஆன்டிபயாட்டிக் சிரப்பை எடுத்து நீட்டினார்கள். வேண்டாம் என்று ஓஆர்எஸ் மட்டும் வாங்கினேன். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் இதைக் கவனியுங்கள்: பெரிய பாக்கெட் என்றால் முழுதையும் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் கரைத்து, ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுங்கள். ஒரு டம்ளரில் பாதி பாக்கெட் என்று குத்துமதிப்பாகக் கரைத்தால் உப்பு கூடிப்போய் ஆபத்து.

அப்புறம் பாலூட்டும் அறை. 2015லிருந்து தமிழ்நாட்டின் பேருந்து நிலையங்களில் தாய்மார்களுக்கென்று அறை வைத்திருக்கிறார்கள். மிக நல்ல திட்டம், மெல்போர்னில் என்னோடு வேலை செய்கிறவர்களிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். நம் மாவட்டத்து ஒரு நிலையத்தில் அந்த அறையைத் தேடிப் போனேன். பலகை இருந்தது, கதவில் பூட்டு. சாவி யாரிடம் என்று மூன்று பேரைக் கேட்டேன், ஆளுக்கொரு திசை காட்டினார்கள். பக்கத்தில் ஒரு மீன்காரப் பெண் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து, முந்தானைக்குள் தன் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். நானும் அவள் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்தேன். "எப்பவும் பூட்டிதான் கெடக்கும்க்கா" என்றாள்.

அடுத்த திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள். அம்மாவையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு நாகர்கோவில் ஆட்சியர் அலுவலகத்துக்குப் போனேன். மனுவில் இரண்டே விஷயம் கேட்டிருந்தேன். பாலூட்டும் அறை திறந்திருக்கும் நேரமும் சாவி வைத்திருப்பவரின் பதவியும் அந்தப் பலகையிலேயே எழுதப்பட வேண்டும். மாவட்டத்துக்குள் வரும் நெடுஞ்சாலையில் ஓரிடத்திலாவது, தாயும் இரண்டு பிள்ளைகளும் சேர்ந்து உள்ளே போகிற அளவில் ஒரு கழிவறை வேண்டும். மனுவை வாங்கிப் பதிந்து எண் கொடுத்தார்கள்.

அந்தச் சீட்டை அம்மா சமையலறைக் காலண்டரில் குத்தி வைத்திருக்கிறாள். நான் கிளம்பிய பிறகு பதினைந்து நாளுக்கு ஒருமுறை போய்க் கேட்பதாகச் சொல்லியிருக்கிறாள். முதல் தேதியைச் சுற்றி வட்டம் போட்டாகிவிட்டது.