டிஸ்க் பிரேக்கா, டிரம் பிரேக்கா?

பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து (பெடலின் அழுத்தத்தை ஆயிலுக்கு மாற்றும் உருளை) பிரேக் ஆயில் அழுத்தத்தைச் சக்கரங்களுக்குக் கொண்டுபோகிறது, அதுவரை இரண்டுக்கும் வித்தியாசமே இல்லை. டிஸ்க்கில் காலிப்பர் என்ற கவ்விக்குள் இருக்கும் பிஸ்டன் தள்ள, இரண்டு பேடுகள் (உராய்வுப் பட்டைகள்) சக்கரத்தோடு சுழலும் தட்டை இருபுறமும் கவ்விப் பிடிக்கும். டிரம்மில் சக்கரத்தோடு சுழலும் மூடிய கிண்ணத்துக்குள் இரண்டு ஷூக்கள் (வளைந்த உராய்வுக் கட்டைகள்) விரிந்து உரசும்.

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கிப் பாருங்கள், சூடுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். டிஸ்க் காற்றுப்படத் திறந்திருப்பதால் சீக்கிரம் ஆறிவிடும்; டிரம்மோ சூட்டில் விரிந்து ஷூவைவிட்டு விலக, பெடல் வழக்கத்தைவிட ஆழமாகப் போவது காலுக்கே தெரியும், வயிற்றைக் கலக்கும்.

சரி, டிரம் மட்டமா? இல்லை. சுழற்சியே ஷூவை இழுத்து இறுக்குவதால் குறைந்த அழுத்தம் போதும், விலையும் குறைவு, ஹேண்ட் பிரேக் வைப்பதும் சுலபம். பிரேக் போட்டால் எடை முன்னால் சாய்வதால், சின்ன கார்களுக்கு முன்னால் டிஸ்க், பின்னால் டிரம் தாராளமாகப் போதும் என்பேன்.

எதுவானாலும் ஆயிலை நேரத்துக்கு மாற்றுங்கள். டாட் 3 என்ற தர வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் தாங்கும், ஈரம் ஏறினால் 140-க்கே கொதிக்கலாம், கொதித்தால் ஆவிக் குமிழி உண்டாகி அழுத்தம் சக்கரத்துக்குப் போகாது, அப்புறம் டிஸ்க்கும் கைவிட்டுவிடும்.