தத்தெடுப்பா, வளர்ப்புப் பராமரிப்பா, நிதி ஆதரவா: சபைக் குடும்பங்களுக்கு எது பொருந்தும்?

திக்கற்ற பிள்ளைகளுக்கு உதவ வேண்டும் என்றதும் பல சபைகள் முதலில் தேடுவது ஒரு காப்பகத்தை. அரிசி மூட்டை, கிறிஸ்துமஸ் உடுப்பு, ஒரு வேளை பிரியாணி. கொடுப்பது நல்லதுதான். ஆனால் அங்கிருக்கும் பிள்ளைகளில் பலருக்கு அம்மாவோ பாட்டியோ இருக்கிறார்கள். வறுமைதான் பிள்ளையைப் பிரித்திருக்கிறது. அந்த அரிசி பாட்டி வீட்டுக்குப் போயிருந்தால் பிள்ளையும் அங்கேயே இருந்திருக்கும்.

அதனால் நிதி ஆதரவைத்தான் முதலில் பரிந்துரைப்போம். இந்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் ஒரு பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய். குடும்பத்தின் ஆண்டு வருமானம் கிராமத்தில் 72,000, நகரத்தில் 96,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்க வேண்டும். பல விதவைத் தாய்மார் கணவரின் இறப்புச் சான்றிதழ் வாங்கியிருக்க மாட்டார்கள். வருமானச் சான்று இருக்காது. ஆதாரில் ஒரு பெயர், பள்ளியில் ஒரு பெயர் இருக்கும். விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் அந்த விதவைத் தாயோடு தாலுகா அலுவலகத்துக்கு இரண்டு நாள் அலைந்தால், அது பெரிய காணிக்கை.

தத்தெடுப்பு வேறு. இந்து தத்தெடுப்புச் சட்டம் (1956) கிறிஸ்தவர்களுக்குப் பொருந்தாது. 1890-ஆம் ஆண்டுப் பாதுகாவலர் சட்டப்படி பாதுகாவலர் ஆகலாம்; அந்த உறவு பிள்ளைக்கு 18 வயதானதும் சட்டப்படி முடிந்துவிடும், சொத்துரிமையும் வராது. இன்று சரியான வழி 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம். அதன்படி பிள்ளை முழு உரிமையுள்ள சொந்தப் பிள்ளை.

தத்தெடுப்புக்கான மத்திய அரசு அமைப்பான 'காரா'வின் இணையதளத்தில் பதிவு செய்ய, தம்பதிக்குத் திருமணமாகி இரண்டு ஆண்டாவது ஆகியிருக்க வேண்டும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை வேண்டுமென்றால் இருவர் வயதின் கூட்டுத்தொகை 85-ஐத் தாண்டக் கூடாது. ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள் இருந்தால், சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்கும் எளிதில் குடும்பம் அமையாத பிள்ளைகளுக்கும் மட்டுமே பரிசீலிப்பார்கள். குழந்தையின் விவரம் வந்தால் 48 மணி நேரத்துக்குள் அந்தக் குழந்தையைத் தங்களுக்கென ஒதுக்கிக்கொள்ள வேண்டும். இறுதி ஆணை மாவட்ட ஆட்சியரிடமிருந்து வரும்.

கைக்குழந்தைக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கும். அந்தத் தவிப்பில்தான், "தெரிந்த நர்ஸ் ஒருவர் மூலம் குழந்தை இருக்கு" என்று யாராவது வருவார். நோட்டரி கையெழுத்திட்ட முத்திரைத்தாளுக்கு எந்த மதிப்பும் இல்லை. கொடுத்தவர், வாங்கியவர் இருவருக்கும் மூன்று ஆண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் அபராதம், இல்லையேல் இரண்டுமே. போதகர்கள் இதற்குத் துணைபோகவே கூடாது.

வளர்ப்புப் பராமரிப்பு என்பது தத்தெடுக்காமல், ஒரு பிள்ளையைத் தற்காலிகமாக நம் வீட்டில் வைத்து வளர்ப்பது. இது ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கானது. 2024 வழிகாட்டுதல்படி, 35 முதல் 60 வயது வரையுள்ள, துணையின்றி வாழும் தனிநபர்களும் முன்வரலாம். ஆண் என்றால் ஆண் பிள்ளையை மட்டும். வீட்டு ஆய்வுக்குப் பின் குழந்தைகள் நலக் குழு ஆணையிடும். சட்டப்படி தத்துக்குரிய பிள்ளை என்றால், இரண்டு ஆண்டு வளர்த்தபின் தத்தெடுக்கவும் வழியுண்டு.

சிக்கல் வருவது பெரும்பாலும் அன்பின் அவசரத்தால்தான். வளர்ப்புப் பராமரிப்பில், சொந்தப் பெற்றோர் இருந்தால் அவர்களின் உரிமை அப்படியே இருக்கிறது. ஆகவே பெயர் மாற்றுவதோ ஞானஸ்நானம் கொடுப்பதோ வளர்ப்பவர் முடிவு அல்ல. படத்தைச் சபை வாட்ஸ்அப்பில் போடுவதும் குற்றமாகலாம். பிள்ளையின் அடையாளத்தை வெளியிடச் சட்டம் தடை விதிக்கிறது.

பிள்ளை தாயிடம் திரும்பும் வாரத்தில் வளர்த்த வீடு இழவு வீடு போலாகிவிடும். அந்த வாரம் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்து, கூட உட்கார்ந்திருக்க இரண்டு குடும்பங்களைச் சபை முன்கூட்டியே ஏற்பாடு செய்துவைக்க வேண்டும்.