முதல் தொகுப்புக்கு முன்: மேடையா, சொந்தக் காசா, இதழா?

தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடிப் பக்கம் கவிதையில் பெயர் எடுக்கத் துடிக்கும் இளைஞருக்கு முதலில் கிடைப்பது கவியரங்க மேடை. பொங்கல் விழா, கல்லூரி விழா. ஐந்து நிமிடம், ஒரு பொன்னாடை. குரல் பழகும், சபைக் கூச்சம் போகும். ஆனால் கைதட்டலுக்காக இயைபும் திரும்பத் திரும்ப வரும் வரியும் பெருகிவிடும். அச்சில் படித்தால் பாதி உபரி.

அடுத்தது, சொந்தக் காசில் புத்தகம். பலர் இங்கேதான் சிக்குகிறார்கள். டெமி என்ற வழக்கமான புத்தக அளவில், ஒரே தாளில் அச்சாகும் 16 பக்கம் ஒரு ஃபாரம், 80 பக்கத் தொகுப்பு ஐந்து ஃபாரம். ஆஃப்செட் அச்சில் பக்கங்களைப் பதிக்கும் பிளேட் (தகடு) செலவு 100 பிரதிக்கும் 500 பிரதிக்கும் ஒன்றே என்பதால் அச்சகத்தில் 500 போடச் சொல்வார்கள். வெளியீட்டு விழாவில் போனது போக மிச்சம் பரணுக்குத்தான், ஏனென்றால் கடைகளுக்குக் கொண்டுசேர்க்க ஆள் இல்லை. பிளேட் தேவைப்படாத டிஜிட்டல் அச்சில் 50 போதும். பிரதிக்கு விலை கூடினாலும் பணம் முடங்காது. யுனிகோடிலிருந்து அச்சகத்தின் பழைய எழுத்துருவுக்கு மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறும், நீள வரி மடிந்து இரண்டாகும். கவிதைக்கு வரி முறிவுதான் உயிர். மெய்ப்பை (பிழை பார்க்கும் மாதிரி அச்சை) புத்தக அளவிலேயே தாளில் எடுத்துப் பாருங்கள்.

சிற்றிதழ் வழி மெதுவானது. ஆனாலும் முதலில் போகவேண்டியது அதுதான். மூன்று நான்கு கவிதை, யுனிகோடில், ஒரே கோப்பாக அனுப்புங்கள். ஒரே கவிதையை ஒரே சமயத்தில் இரண்டு இதழுக்கு அனுப்பக் கூடாது. முகநூலில் போட்டதைப் பல இதழ்கள் எடுப்பதில்லை. பெரும்பாலும் பதிலே வராது; மூன்று மாதம் பார்த்துவிட்டு, திரும்பப் பெறுவதாக ஒரு வரி எழுதிவிட்டு வேறு இதழுக்கு அனுப்பலாம். முகம் தெரியாத ஆசிரியர் ஒருவர் தேர்ந்தெடுத்தார் என்பதற்குப் பதிப்பகத்தில் மதிப்பு உண்டு. கும்பகோணத்துக்காரரான ந. பிச்சமூர்த்தி 1934இல் 'மணிக்கொடி' இதழில் புதுக்கவிதை எழுதத் தொடங்கினார், 1959இல் சி.சு. செல்லப்பா 'எழுத்து' இதழைத் தொடங்கிய பிறகுதான் அந்த வடிவத்துக்கு ஒரு தலைமுறையே திரண்டது.

வயது போகிறதே என்ற பதற்றம் வேண்டாம். சாகித்திய அகாதெமி இளம் எழுத்தாளருக்குத் தரும் யுவ புரஸ்கார் விருது 35 வயது வரை உண்டு, தொகை 50,000 ரூபாய். அது புத்தகத்துக்குத் தரப்படுவதால், அவசரத்தில் போட்ட மெலிந்த தொகுப்பு அங்கே உதவாது.

இதழ்களில் இருபது கவிதையாவது வந்தபின் பதிப்பகத்தை அணுகுங்கள். பதிப்பகம் உங்களிடம் பணம் கேட்டால், எத்தனை பிரதி, உரிமை யாருக்கு, எத்தனை ஆண்டுக்கு, நூலக ஆணை (அரசு நூலகங்களுக்குப் பிரதி வாங்கும் உத்தரவு) கிடைத்தால் பங்கு எவ்வளவு என்பதையெல்லாம் எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகே கையெழுத்துப் போடுங்கள்.