புல்தரை போட ஆள் வைக்கிறீர்களா? அடிமண்ணைப் பார்த்த பிறகு பணம் கொடுங்கள்

வேளச்சேரிப் பக்கம் எங்கள் புது வீட்டின் முன்னால் புல்தரை போட்டுத் தருவதாக வந்த ஒப்பந்ததாரர் பணத்தை வாங்கிக்கொண்டு செய்த வேலையைப் பற்றிய பதிவு இது. ஆளின் பெயர் வேண்டாம். செய்த விதத்தைச் சொன்னாலே அடுத்தவர் உஷாராகிவிடலாம்.

பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய பகுதி என்பதால் அடியில் களிமண். வீடு கட்டும்போது ஜேசிபியும் ரெடிமிக்ஸ் லாரியும் ஏறி இறங்கி, கலவை கழுவிய தண்ணீரும் ஊறி, தரை பாறையாகிக் கிடந்தது. காற்றும் நீரும் புக வேண்டிய இடுக்குகள் மண்ணில் நசுங்கிவிட்டால் எந்த உரமும் பயன் தராது. இது அவருக்கும் தெரியும். அவர் கொடுத்த விலைப்பட்டியலின் முதல் வரியே "9 அங்குலம் கொத்திப் புரட்டி, கல் பொறுக்கி, தொழு உரம் கலத்தல்" என்பதுதான். மொத்தத் தொகையில் பாதிக்குமேல் அதற்கே.

நாங்கள் அலுவலகம் போயிருந்த நேரத்தில் அந்தக் கொத்துதல் "முடிந்துவிட்டது". மாலையில் வந்து பார்த்தால் சமமாகப் பரப்பிய செம்மண், அதன்மேல் கொரியன் புல் பாய்கள். சில வாரங்கள் பச்சைப்பசேல் என்றிருந்தது. நர்சரியிலிருந்து பாயோடு ஒட்டி வரும் மண்ணும் தினசரித் தண்ணீரும் அவ்வளவு காலம் தாங்கும். அதற்குள் மீதித் தொகையையும் வாங்கிக்கொண்டார்.

நல்ல மழை ஒன்று பெய்ததும் குட்டு வெளிப்பட்டது. தண்ணீர் வடியவில்லை. திட்டுத்திட்டாக மஞ்சளித்து, அழுகல் வாடை வந்தது. ஓரத்தைப் பிடித்து இழுத்தேன். கோரைப்பாயைச் சுருட்டுவதுபோல் புல் கையோடு வந்துவிட்டது. வேர்கள் கீழே இறங்க வழியின்றிப் பக்கவாட்டில் தட்டையாக ஓடியிருந்தன. ஓர் அங்குலச் செம்மண்ணுக்கு அடியில் சாம்பல் நிறக் களிமண். அதில் லாரி டயரின் தடம் வரிவரியாக அப்படியே பதிந்திருந்தது. மண்வெட்டி பட்ட அடையாளம் ஒன்றுகூட இல்லை.

கேட்டதற்கு, "புல்லுக்கென்ன சார், ஆலமரத்து வேரா? ஓர் அங்குல மண் போதும்" என்றார். 'ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரோடி' என்று வாழ்த்துகிற ஊரில் இப்படி ஒரு பதில்!

பிறகு பரிகாரங்கள், ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம். ஜிப்சம் தூவினார். சோடியம் மிகுந்த களர் மண்ணுக்குத்தான் அது மருந்து. லாரி மிதித்த மண்ணைத் தளர்த்தாது. மண் பரிசோதனை செய்தீர்களா என்றால் சிரிப்புதான். ஆணி வைத்த செருப்போடு மிதித்துத் துளை போட்டார். ஆணி, துளையைச் சுற்றியுள்ள மண்ணை இன்னும் நெருக்கும். அதற்குப் பதில், உள்ளே கூடாக இருக்கும் குழாய் முனையால் மண்ணையே உருளை உருளையாக வெளியே எடுக்க வேண்டும். கடைசியில், கொஞ்சம் மணல் கலக்கலாம் என்றார். களிமண்ணில் கொஞ்சம் மணல் சேர்ந்தால் காய்ந்ததும் செங்கல்தான். அத்தோடு அனுப்பிவிட்டேன்.

இப்போது புல்லை எடுத்துவிட்டு, உள்ளூர் ஆட்களை வைத்துக் கொத்தி, மட்கிய தொழு உரம் கலந்துகொண்டிருக்கிறோம். மண் உதிரும் பதத்துக்கு வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஈரக் களிமண்ணைக் கொத்தினால் கட்டிகட்டியாகி இன்னும் கெடும்.

ஆள் வைப்பவர்கள் கொத்துவதற்குத் தனியாக, புல்லுக்குத் தனியாகத் தொகை பேசுங்கள். புல் வந்து இறங்குவதற்கு முந்தைய நாளே நாலைந்து இடத்தில் கம்பியை ஊன்றிப் பாருங்கள். கையால் அழுத்தினாலே முக்கால் அடி இறங்க வேண்டும். ஒரு அடிக் குழி தோண்டித் தண்ணீர் நிரப்புங்கள்; மறுநாள் காலையிலும் நின்றால், வடிகாலுக்கு வழி செய்யாமல் புல் போட விடாதீர்கள்.

அதே ஆள் இப்போது எங்கள் தெருவின் மறுகோடியில், பூச்சு வேலை நடக்கும் வீட்டில் விலைப்பட்டியல் கொடுத்திருக்கிறார். டயர்த் தடத்தைப் படமெடுத்து வைத்திருந்தேன். அந்த வீட்டுக்காரருக்கு அனுப்பிவிட்டேன்.