ஊ தாண்ட் வாழ்க்கை: ஒலிநூல் விமர்சனம்

இருபத்தாறு வருடம் பள்ளியில் பாடம் நடத்தியவள் நான். பர்மாவில் பந்தனோ என்ற சிற்றூரில் தலைமை ஆசிரியராக இருந்த ஒருவர் ஐ.நா. பொதுச்செயலாளர் ஆன கதை என்றதும் உடனே வாங்கிவிட்டேன். குரல் நிதானம். சமையல் செய்துகொண்டே கேட்டாலும் பிடிபடுகிறது. பர்மியப் பெயர்களை மட்டும் அத்தியாயத்துக்கு ஒரு விதமாக உச்சரிக்கிறார்கள்.

கியூபாவில் வைத்த சோவியத் ஏவுகணைகளால் அமெரிக்காவும் சோவியத்தும் போர் விளிம்புக்குப் போன 1962 கியூபா நெருக்கடிப் பகுதிதான் உயிர். ஊ தாண்ட் அப்போது தற்காலிகப் பொதுச்செயலாளர் பொறுப்பில்தான் இருந்தார். அக்டோபர் 24 அன்று அமெரிக்க அதிபர் கென்னடிக்கும் சோவியத் தலைவர் குருசேவுக்கும் ஒரே வேண்டுகோளை அனுப்புகிறார்: இரண்டு மூன்று வாரம் சோவியத்தின் ஆயுதக் கப்பல்களும் வேண்டாம், அமெரிக்காவின் கடல் தடுப்பும் வேண்டாம். பின்வாங்குகிறவருக்கு முகம் கெடாமல் வழி திறந்து வைத்த அந்தப் பக்குவத்தை அவசரப்படாமல் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு முறை கேட்டேன். அப்புறம் ஹவானாவுக்கே போய் கியூபா தலைவர் காஸ்ட்ரோவைச் சந்திக்கிறார்.

1967இல் எகிப்தின் சினாயிலிருந்து, இஸ்ரேலுடன் மோதல் வராமல் காவல் நின்ற ஐ.நா. படையை விலக்கிய முடிவை மட்டும் சில நிமிடங்களில் முடித்துவிட்டார்கள். அவரை உலகமே திட்டிய விஷயம் அது. எகிப்து சம்மதத்தின்பேரில்தான் படை அங்கே இருந்தது என்பதை விளக்காமல் விட்டால், கேட்பவர் அவரைக் கோழை என்றே நினைப்பார். எனக்கு இது பெரிய குறை.

கடைசிப் பகுதி 1974. நியூயார்க்கில் இறந்தவரின் உடல் ரங்கூன் வந்தபோது பர்மாவை ஆண்ட நே வின் அரசு மரியாதை செய்யவில்லை. மாணவர்கள் சவப்பெட்டியைப் பல்கலைக்கழகத்துக்கு எடுத்துப்போனார்கள், ராணுவம் உள்ளே புகுந்தது. இதை விரிவாகவே சொல்கிறார்கள். பிளஸ் டூ பிள்ளைகளுக்குத் தாராளமாகப் போட்டுக் காட்டலாம்.